பின்னால் நிற்கும் விளக்கு

சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டு மொட்டைமாடிக்கு வரும் பிள்ளைகளே, பக்கத்து கேலக்ஸிகளுக்குப் பின்னால் குவாசர் தேடும் வேலையில் இறங்கப் போவதாகச் சொன்னீர்கள். கேட்டபோதே மனம் குளிர்ந்தது. வாயால் சொன்னதை எழுதியும் தரச் சொன்னதால் எழுதுகிறேன்.

1. எதற்காகத் தேடுகிறோம் என்பது முதலில் தெளிவாகட்டும். போகி விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதியில் நின்று பாருங்கள். இருட்டில் புகை தெரியாது. தெருவிளக்குக்குக் குறுக்கே வரும்போதுதான் அதன் அடர்த்தி புரியும். குவாசர்தான் அந்தத் தெருவிளக்கு. பெருங்கருந்துளை ஒன்றைச் சுற்றி விழும் வாயு சூடேறி வீசும் வெளிச்சம், பல நூறு கோடி ஒளியாண்டுகள் கடந்து வருகிறது. வழியில் ஒரு கேலக்ஸியின் வாயுவைத் துளைத்து வந்தால், அங்கிருக்கும் கால்சியமும் சோடியமும் நிறமாலையில் கருங்கோடுகளாகப் பதியும். புனே ஐயூகா ஆய்வு மையத்தின் ரகுநாதன் ஸ்ரீஆனந்த், இரு கூட்டாளிகளோடு 2000இல் ஒரு குவாசருக்கு முன்னால் இருந்த வெகுதூர வாயுவின் கோடுகளைப் படித்தார். இன்று 2.7 கெல்வினாக இருக்கும் பிரபஞ்சப் பின்னணி வெப்பம், அந்தப் பழங்காலத்தில் 6க்கும் 14க்கும் இடையே இருந்தது என்று அதிலிருந்து கண்டார்கள். விளக்கு பின்னால் இல்லாவிட்டால் அந்த வாயு இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

2. இன்னொரு பயன், அசையாமல் நிற்பது. அறுபத்துமூவர் கூட்டத்தில் பல்லக்கு நகர்கிறதா என்று சந்தேகம் வந்தால், பின்னாலிருக்கும் ஒரு தூணோடு ஒட்டிப் பார்ப்போம் அல்லவா? நித்யா கல்லிவயலிலும் அவர் குழுவும் செய்தது அதுதான். பக்கத்து கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்துக்குப் பின்னால் இருக்கும் 21 குவாசர்களைத் தூண்களாக வைத்து, ஹப்பிள் படங்களில் மேகத்தின் நகர்வை அளந்தார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மில்லி வில்வினாடி: தெப்பக்குளக் கரையில் நின்று பார்த்தால், 7 கிலோமீட்டர் தள்ளிக் கொட்டிவாக்கத்தில் பிடித்த ஒரு தலைமுடியின் கனம். 2006இல் கிடைத்த வேகம் வினாடிக்கு 378 கிலோமீட்டர். அதற்குமுன் நினைத்ததைவிட மிக அதிகம். மேகம் நம் பால்வீதியை முதல்முறையாக நெருங்குகிறதோ என்ற கேள்வியே அதில் பிறந்தது. 2013இல் மூன்றாம் முறைப் படங்களையும் சேர்த்தபோது அது 321 ஆனது. தங்கள் எண்ணைத் தாங்களே திருத்திய அந்த இரண்டாவது கட்டுரையையும் அவசியம் படியுங்கள்.

3. ஒளி மாறுவதைக் கவனியுங்கள். குவாசரின் ஒளி ஒழுங்கில்லாமல் கூடும், குறையும். அந்த 21இல் பெரும்பாலானவை மாக்கோ ஆய்வு பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த படங்களில் இப்படித்தான் சிக்கின. இந்தப் பழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. நுங்கம்பாக்கத்து மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலைபார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். அது தெற்கே தாழ்ந்து, மெகல்லன் மேகம் இருக்கும் திசையிலேயே உதிப்பது. கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்தில் அந்த வானாய்வகத்தின் 1792ஆம் ஆண்டுக் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அனுமதி கேட்டு ஒருநாள் பார்த்துவிட்டு வாருங்கள்.

4. பெசன்ட் நகர் கடற்கரையில் மெகல்லன் மேகத்தைத் தேடி ஏமாறாதீர்கள். இங்கே அது அடிவானத்துக்கு மேல் 7 பாகைதான் ஏறும். கார்த்திகையில் மழை விட்ட இரவில் மாடியில் பைனாகுலரை எடுத்து ஆண்ட்ரோமீடாவைப் பாருங்கள். அதையும் முக்கோண கேலக்ஸியையும் சுற்றி மட்டும் சீனாவின் லாமோஸ்ட் தொலைநோக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய குவாசர்களைக் கண்டிருக்கிறது.

5. ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள். ரங்கநாதன் தெருவில் நீலச் சட்டைக்காரர் என்று மட்டும் சொல்லி ஆளைத் தேட முடியுமா? ஒளி மாறுபவற்றில் பீ வகை விண்மீன்கள் கலந்திருக்கும். அகச்சிவப்பு நிறத்தில் தூசி போர்த்திய கிழட்டு விண்மீன்களும் குவாசர் போலவே தெரியும். கையா விண்கலத்தின் தரவில் நகர்வு பூஜ்யமா என்று பாருங்கள்; அப்போதும் முடிவு சொல்லாதீர்கள். நிறமாலை வேண்டும்.

அதிலும் குறைந்தது இரண்டு கோடுகள் வேண்டும். இளவயதில் ஒரு நிறமாலையில் 5600 ஆங்ஸ்ட்ராம் அருகே அகன்ற ஒரு கோட்டைப் பார்த்து, 1549இல் பிறக்கும் கார்பன் கோடு என்று முடிவுகட்டி, செம்பெயர்ச்சி 2.6 என்று எழுதிவிட்டேன். மூத்தவர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்து, "அப்படியானால் 4400 பக்கம் லைமன் ஆல்ஃபா எங்கே?" என்றார். இல்லை. அது 2798இல் பிறக்கும் மக்னீசியம். செம்பெயர்ச்சி வெறும் 1. கோடுகள் எவ்வளவு தள்ளிப்போனாலும் அவற்றுக்கிடையேயான விகிதம் மாறாது. 2798ஐ 1549ஆல் வகுத்தால் 1.81. இப்படியான விகிதங்களை மனப்பாடம் செய்யுங்கள். வாய்ப்பாடு போல வாயில் வர வேண்டும்.

6. பின்னால்தான் இருக்கிறதா என்றே கேட்டவர்கள் உண்டு. குவாசர்கள் பக்கத்து கேலக்ஸிகளோடு சேர்ந்தவை என்று ஹால்டன் ஆர்ப் வாதாடினார். நம் ஜயந்த் நார்ளிகரும் அவர் பக்கம் நின்றார். நான் அந்த முடிவை ஏற்கவில்லை. 1985இல் ஹக்ரா குழு கண்ட ஐன்ஸ்டைன் சிலுவையில், முன்னால் இருக்கும் கேலக்ஸியின் ஈர்ப்பு ஒரே குவாசரை நான்காகக் காட்டுகிறது. அது பின்னால் இருந்தால்தான் நடக்கும். ஆனாலும் அவர்கள் கேட்ட கேள்வியால்தான் மற்றவர்கள் சான்று தேடினார்கள். மரியாதையோடு படியுங்கள்.

7. சேர்ந்து உட்காருங்கள். அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் ஏகாம்ர நிவாஸ் வீட்டில் நடத்திய கருத்தரங்கிலிருந்துதான் 1962இல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இன்று அது தரமணியில் இருக்கிறது.

8. குவாசர் இல்லை என்று தள்ளியவற்றுக்குத் தனி நோட்டு வையுங்கள். ஏன் தள்ளினீர்கள், எந்தத் தேதியில், எந்தப் படத்தைப் பார்த்து என்று எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பேன்.