சோற்றை நிறுத்தலாமா?

தாணே, தாராவிப் பக்கமிருந்து பலர் புற்றுநோய் வைத்தியத்துக்காகப் பரேல் டாட்டா மருத்துவமனைக்குப் போகிறார்கள். "சர்க்கரைதான் கட்டியை வளர்க்கும். சோற்றை நிறுத்து" என்று அக்கம்பக்கத்தார் அவர்களிடம் சொல்வது உண்டு. இது சரியா?

நம் உடல் சிறு சிறு செல்களால் ஆனது. நாம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் குடலில் சர்க்கரையாக மாறும். ரத்தம் அதைச் செல்களுக்குக் கொண்டு போகும். செல் அதைப் பிராணவாயுவோடு சேர்த்து முழுதாக எரிக்கும். பலம் கிடைக்கும்.

புற்றுநோய்ச் செல்களில் பல அப்படி இல்லை. பிராணவாயு இருந்தாலும் அரைகுறையாகவே எரிக்கும். மிச்சத்தை வைத்துப் புதுச் செல்களைக் கட்டும். அதனால் சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னும். 1920களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் இதைக் கண்டார்.

இந்தத் தீனியே நோயைக் காட்டியும் கொடுக்கிறது. 2002-இல் இந்தியாவின் முதல் பெட் ஸ்கேன் கருவி பரேலுக்கு வந்தது. லேசான கதிர்வீச்சு உள்ள சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். அதை அதிகம் தின்னும் இடம் படத்தில் பளிச்சிடும். மூளையும் பளிச்சிடும். அதுவும் பெரிய சர்க்கரைப் பிரியன்தான்!

சரி, பட்டினி போட்டால்? உடல் தன் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். கட்டிக்குத் தீனி கிடைத்துவிடும். ஆள்தான் இளைத்துப்போவார். பிறகு மருந்தைத் தாங்குவது கஷ்டம். வாய்ப்புண்ணால் மெல்ல முடியாதவருக்குக் கஞ்சி, மசித்த பருப்பு, பால் கொடுக்கலாம். நீரிழிவும் உள்ளவர் டாக்டரிடம் கேட்டுச் சாப்பிட வேண்டும்.