பழைய ஜீப்பும் பட்டறை நம்பிக்கைகளும்

கம்பத்திலும் போடியிலும் விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, ஓட்டுகிற தம்பியைவிட மூத்தவை. வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கியது 1947-இல். என்ஜின் மாறியது, உடல் நீண்டது. இலைப்பட்டை ஸ்பிரிங்கும் இரண்டு முழு ஆக்ஸிலும் கொண்ட அடிப்படை அமைப்பு மட்டும் தலைமுறைகளுக்கு நீடித்தது. எம்.எம். 540 போன்ற வண்டிகளை இன்றைக்கும் சாதாரணப் பட்டறையில் எழுப்பி ஓட்ட முடிகிறதென்றால் காரணம் இதுதான். பட்ஜெட் எகிறுவது பெரும்பாலும் உதிரிபாக விலையால் அல்ல, வேலையைத் தவறான இடத்தில் தொடங்குவதால். அப்படித் தொடங்க வைக்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

“புகை தள்ளுது, என்ஜினை இறக்கிப் போர் பண்ணிடுங்க”

புகையின் நிறத்தைக் கேட்காமல் என்ஜினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் டைமிங் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆயில் எரிந்தால் நீலம் தட்டும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து வெள்ளையாகப் புகைந்தால், பெஜோ என்ஜின் போட்ட ஜீப்புகளில் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். 2112 சிசி எக்ஸ்.டி.பி., 2498 சிசி எக்ஸ்.டி.3.பி. இரண்டிலும் டீசல் முதலில் ஒரு சிறு முன்னறையில் எரிகிறது. குளிர்ந்த என்ஜினில் அந்த அறையைச் சூடாக்கித் தருவது ஹீட்டர் பிளக். ஒன்று செத்துப்போனாலே அந்த சிலிண்டர் காலையில் வேலை செய்யாது.

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டரும் ஒரே அளவில், கையேடு சொல்லும் எல்லைக்குள் இருந்தால் என்ஜினைத் தொடவே வேண்டாம். ஒன்று மட்டும் குறைந்தால், பிஸ்டனை மேலே நிறுத்தி அந்த சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றை விடச் சொல்லுங்கள். காற்று சைலன்ஸர் வழியாகச் சீறினால் வால்வு, ரேடியேட்டரில் குமிழியாக வந்தால் ஹெட் கேஸ்கெட், ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். ஹெட்டைக் கழற்றி முடிக்கக்கூடிய வேலைக்கு முழு என்ஜினையும் பிரிப்பதில் பட்டறைக்குத்தான் லாபம்.

“பழைய ஆயில் அடிச்சுவிட்டா அடியில துரு வராது”

பழைய வண்டிகளை அதிகம் கொன்றது இந்த நம்பிக்கைதான் என்பேன். சுத்தமான, காய்ந்த இரும்பின் மேல் எண்ணெய்ப் படலம் ஓரளவு காக்கும் என்பது சரி. ஆனால் நம்மவர்கள் அடிப்பது துருவின் மேலும் சேற்றின் மேலும். ஈரம் உள்ளே அடைபட்டுக்கொள்ள, துரு யார் கண்ணிலும் படாமல் தின்னத் தொடங்கும். கூடவே ஸ்பிரிங் புஷ், பிரேக் ஹோஸ் போன்ற ரப்பர் பாகங்கள் ஆயிலில் ஊறி உப்பும். தார் போன்ற அண்டர்கோட்டிங்கைத் துருவின் மேல் பூசினாலும் இதே கதைதான். வெளியே கறுகறுவென்று அழகாக இருக்கும், சுத்தியலால் தட்டினால் உள்ளே போய்விடும்.

ஜீப்பின் சேஸிஸில் மூடிய பகுதிகளுக்குள் தண்ணீரும் மண்ணும் தங்குவதால், அங்கே துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. எனவே பார்வையை நம்பாதீர்கள். சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பின் குறுக்குச் சட்டம், பாடி உட்காரும் இடங்கள் என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்தது ‘பொத்’ என்னும். எத்தனை இடத்தில் ‘பொத்’ என்றதோ அதுதான் உங்கள் பட்ஜெட்டின் முதல் வரி. ஏன் முதல் வரி என்றால், சேஸிஸில் வெல்டிங் செய்ய டேங்க், பிரேக் பைப், வயரிங் எல்லாம் இறங்க வேண்டும். என்ஜினையும் பெயின்டையும் முடித்துவிட்டு இதற்கு வந்தால் செய்த வேலையையே மறுபடி கழற்ற நேரிடும், கூலியும் இரண்டு மடங்காகும்.

ஒட்டுத் தகடு வைக்கும்போது வெல்டிங் கோடு சட்டத்தின் குறுக்கே நேர்செங்குத்தாக விழக்கூடாது. அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும். தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டி வைப்பதே முறை. வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்நேட்டர் வயரையும் கழற்றச் சொல்லுங்கள். சேஸிஸ் எண் பொறித்த பகுதியில் வெல்டிங், கிரைண்டிங் எதுவும் படக்கூடாது. அந்த எண் அழிந்தால் வண்டிக்கு அடையாளமே போய்விடும்.

“மழையில ஃபோர் வீல் போட்டு ஓட்டினா ரோட்டை நல்லாப் பிடிக்கும்”

சேற்றுக்குப் பொருந்துவது தார்ச் சாலைக்குப் பொருந்தாது. இந்த ஜீப்புகளின் டிரான்ஸ்ஃபர் கேஸில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டால் இரண்டு புரோப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். பிடிப்புள்ள சாலையில் வழுக்க இடமில்லாததால் முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், கிராஸ், கியர் பற்களில் ஏறுகிறது. லீவர் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் போவது இதனால்தான். சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்குத் தளர்ந்து வந்துவிடும். அதற்குள் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துவிட வேண்டாம்.

சேற்றிலும் இப்படியே அடம்பிடித்தால் வேறொரு சந்தேகம் வர வேண்டும். வண்டி பல கைமாறியதில், உடைந்த ஆக்ஸிலுக்குப் பதில் வேறு மாடலின் ஆக்ஸிலை யாரோ மாட்டியிருக்கலாம். கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் விகிதம் 5.38. கிரவுனில் 39 என்றால் 4.88. முன்னால் முதலாவதும் பின்னால் இரண்டாவதும் இருந்தால், முன்சக்கரம் 10 சுற்று சுற்றும் நேரத்தில் பின்சக்கரம் 11 சுற்றப் பார்க்கும். ஃபோர் வீல் போட்ட நிமிடமே வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டும். கவரைத் திறந்து பல்லை எண்ணுவதற்கு ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும். மாற்ற வேண்டியிருந்தால் கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்றுங்கள். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் போட்டாலும் இதே தொல்லை, கொஞ்சம் சிறிய அளவில்.

“ஸ்டியரிங் உதறலா? அலைன்மென்ட் பண்ணினாப் போதும்”

தேய்ந்த பாகங்களை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மென்ட் பட்டறை வாசலைத் தாண்டினதும் கலைந்துவிடும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் பேரிங்கோ வீல் பேரிங்கோ தளர்ந்திருக்கிறது. பிறகு டை ராட் முனைகள், ஸ்பிரிங் புஷ். ஸ்டியரிங் டாம்பர் மாட்டினால் உதறல் அடங்கும், நோய் அப்படியே இருக்கும்.

“சந்தை சாமானே வேண்டாம், எல்லாம் புதுசு போடுங்க”

புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஆக்ஸில் ஹவுசிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் கூடு போன்ற வார்ப்புகள், விரிசல் இல்லாவிட்டால் தாராளமாக வாங்கலாம். பேரிங், ஆயில் சீல், பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட் மட்டும் புதிதாகவே இருக்கட்டும். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வழி ஒன்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போயிற்று. இங்கே மிச்சம் பிடிக்க நினைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

“15 வருஷம் ஆச்சுன்னா உடைச்சுத்தான் ஆகணும்”

டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கு எழுந்தது. தமிழ்நாட்டில் தனியார் வண்டி தகுதிச் சோதனையில் தேறினால் பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். அரசு வண்டிகளின் கதை வேறு: 15 ஆண்டு கடந்தவற்றின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. ஆகவே அரசுத் துறை ஏலத்தில் பழைய ஜீப் மலிவாக வருகிறது என்று யாராவது அழைத்தால், அதை ரோட்டில் ஓட்ட முடியுமா என்று முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

வேறு கம்பெனி என்ஜினை மாட்டுவது, பாடியை வெட்டி மாற்றுவது போன்ற யோசனைகளும் இங்கேதான் அடிபடுகின்றன. தயாரிப்பாளர் குறிப்பிட்ட கட்டமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் இல்லாத என்ஜினோடு விபத்தில் சிக்கினால் காப்பீடும் கேள்விக்குறி.

பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தையும் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்: 2025 ஆகஸ்ட் முதல், 20 ஆண்டு தாண்டிய ஜீப்புக்கு அது 10,000 ரூபாய்.