மீண்டும் நடப்போம்

மட்டாஞ்சேரியில் நான்கு பெண்கள் தினமும் காலையில் டச்சு அரண்மனை வரை நடந்து திரும்புவார்கள். ஒரு மழைக்காலத்தில் அவர்களில் ஒருவருக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் போனது. அசதி போகவில்லை. மூன்று வாரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இனி என்னால் முடியாது. நீங்கள் போங்கள்" என்றார்.

"அரண்மனை வரை வேண்டாம் அக்கா. தெருமுனை வரை வாருங்கள். நாங்களும் மெதுவாக நடக்கிறோம்" என்றார்கள் தோழிகள்.

மருத்துவரைக் கேட்டார்கள். அவரும் சம்மதித்தார்.

முதல் வாரம் 5 நிமிடம். அடுத்த வாரம் 10 நிமிடம். ஒரு நாள் களைப்பு அதிகமானது. மறுநாள் ஓய்வு எடுத்தார். அதற்கு மறுநாள் தோழிகள் வந்து கூப்பிட்டார்கள்.

பேசிக்கொண்டே நடந்தார்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டு மாதத்தில் அக்கா அரண்மனை வரை நடந்தார்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயிலிருந்து எழுந்தவர் அதைச் சிறிது சிறிதாக எட்டலாம்.

உங்கள் தெருவில் நோயிலிருந்து எழுந்தவர் யார்? நாளைக் காலை அவரையும் கூப்பிடுங்கள்.