பழைய காரில் அசல் எது?

(இளம் அறிவியல், வேதியியல், இரண்டாம் ஆண்டு)

பௌர்ணமி கிரிவலத்தை நம்பி நம் ஊரில் ஓடும் வாடகைக் கார்களில் பல, இரண்டு மூன்று கை மாறி வந்தவை. பிறர் காரையே இதுநாள்வரை ஓட்டிவந்த என் தந்தையார், கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்க எண்ணியுள்ளார். வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே ஆகையால், "படித்தவனாயிற்றே, பார்த்துச் சொல்" என்கிறார். அதன் பொருட்டு நான் திரட்டியவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

முதலில் போல்ட்டுகள். தொழிற்சாலையில் கதவைக் கீலோடு பொருத்திய பின்னரே வண்ணம் அடிப்பர். எனவே கீல் போல்ட்டின் தலையும் வண்டியின் நிறத்திலேயே இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் முனைகளில் வண்ணம் பெயர்ந்திருக்கும். அடுத்து, சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்துக. பிடிப்பு தளரும் இடத்தில் தகட்டின்மேல் பட்டி பூசியிருக்கலாம். கண்ணாடிகளின் மூலையிலுள்ள முத்திரைகளையும் ஒப்பிடுக. ஒன்று மட்டும் வேறுபட்டால் கல்லடியாக இருக்கலாம். ஒரு பக்கம் முழுதும் வேறுபட்டால் விபத்து என்றே ஐயுறலாம்.

மாற்றப்பட்டதெல்லாம் மோசடி அன்று. பிரேக் கட்டையும் வடிகட்டியும் தேய்வதற்கென்றே உள்ளவை. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர், பல்லாண்டுகள் ஏறத்தாழ ஒரே வடிவில் வந்தமையால் ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கு எளிதில் பொருந்தியது. பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு டீசல் இஞ்சின் வைத்தோரும் உண்டு. போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்திருந்தால் அதில் குற்றமில்லை.

மாறவே கூடாதது சேஸிஸ் எண். இக்காலக் கார்களில் எழுத்தும் இலக்கமுமாக அது 17 இடங்கள் கொண்டது. ஒன்று, சுழி ஆகியவற்றோடு மயங்கும் என்பதால் ஐ, ஓ, க்யூ என்னும் ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை. இருந்தால் அவ்வண்டியை விட்டு விலகுவதே நன்று.

அந்த எண்ணை அரத்தால் அழித்துவிட்டு வேறெண் பொறிப்போரும் உளர். இங்கேதான் நம் பாடம் உதவுகிறது! எண்ணை அடித்துப் பொறிக்கும்போது, பள்ளத்தின் அடியிலுள்ள உலோகப் படிகங்களும் நசுங்கிச் சிதைகின்றன. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அச்சிதைவு கீழே எஞ்சும். தடயவியல் ஆய்வாளர் அவ்விடத்தை மெருகேற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த குப்ரிக் குளோரைடைத் தடவுவர். சிதைந்த பகுதி சுற்றியுள்ள இரும்பினும் வேறான வேகத்தில் வினைபுரிவதால் பழைய எண் மங்கலாக எழும். விற்பவர் வீட்டு வாசலில் நாம் செய்யத்தக்க சோதனை அன்று இது. மிக ஆழமாகத் தேய்த்திருந்தால் இதுவும் பலிக்காது. ஆனால் அப்போது அவ்விடம் பள்ளமாகிவிடும். அதை அறிய அமிலம் வேண்டா, விரலே போதும்.