டப்பாத் தூளும் வேர்க்கடலையும்

புத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி. வேர்க்கடலை போடுபவர். மாரடைப்பு வந்து, திருப்பதி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். மறுவாரம் மகன் ஒரு டப்பா வாங்கி வந்தான்.

"அப்பா, இது ஆர்ஜினைன் தூள். ரத்தக் குழாய் அடைப்பு போயிடும்னு கடைக்காரர் சொன்னாரு."

"டாக்டரம்மா இதை எழுதித் தரலையே டா!" என்றாள் அம்மா.

ஆர்ஜினைன் என்றால் என்ன? பல பூக்களைக் கோத்தால் மாலை. பல அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம். அந்தப் பூக்களில் ஒன்றுதான் ஆர்ஜினைன். பெயர் கடினம்தான். இரண்டு முறை சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றிலும் இது உண்டு. வேர்க்கடலையில் நிறைய உண்டு.

இருதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்க்குத் தமனி என்று பெயர். தமனியின் உள்சுவர் ஆர்ஜினைனை வைத்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் செய்கிறது. அந்த வாயு குழாயை விரிய வைக்கிறது. இதன் வேலையைக் கண்டறிந்த மூன்று பேருக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. பீடி, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு இவற்றால் உள்சுவர் கெடும். அங்கே கொழுப்பு படியும். குழாய் குறுகும்.

அப்படியானால் ஆர்ஜினைனைத் தனியாகச் சாப்பிட்டால் குழாய் சரியாகுமா? அமெரிக்காவில் பால்டிமோர் நகர டாக்டர்களும் இதையே கேட்டார்கள். மாரடைப்பு வந்து பிழைத்த 153 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு நாளைக்கு 9 கிராம் வரை ஆர்ஜினைன். மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஆறு மாதம் பார்ப்பதாக ஏற்பாடு.

குழாய் இளகவில்லை. இருதயமும் பலப்படவில்லை. ஆர்ஜினைன் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. உடனே ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு சாவுக்கும் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று எழுதினார்கள்.

9 கிராம் என்பது கொஞ்சமா? வேர்க்கடலையாகச் சாப்பிட்டால் சுமார் 300 கிராம் வேண்டும். யார் அவ்வளவு தின்பார்கள்!

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மா பார்த்தார்.

"இது வேண்டாம்மா. நான் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாதீங்க. பீடியைத் தொடாதீங்க ஐயா. கடலை ஒரு பிடி சாப்பிடலாம்."

"வறுத்ததா, வேகவைச்சதா?" என்று கேட்டார் விவசாயி.

"எதுவானாலும் சரி. உப்பு மட்டும் போடாதீங்க."