யந்திரம் நின்ற விமானம்

ஆகாய விமானத்தின் யந்திரம் நின்றுவிட்டால் அது கல்லைப்போல் கீழே விழும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அஃது உண்மையன்று. விமானத்தைத் தாங்குவது இறக்கையின்மீது ஓடும் காற்று. அதற்கு வேண்டிய வேகத்தை யந்திரம் தாராதபோது, உயரத்தைச் செலவிட்டுப் பெறலாம். மூக்கைச் சிறிது தாழ்த்தினாற் போதும். ஆயின், தரை நெருங்கக் கண்ட மாணாக்கனது கை தானே மூக்கை உயர்த்த முயலும். உயர்த்தினால் வேகம் குன்றும். இறக்கை தாங்குந் திறனை இழக்கும். அக்கையை அடக்கப் பழகுவது எளிதன்று.

பழகினாலும் இறங்க இடம் வேண்டும். சிறு விமானம் ஓரடி தாழ்வதற்குள் ஏறக்குறையப் பத்தடி முன்செல்லும் என்று கொள்வோம். குரங்கணிக்கு மேல் 500 மீட்டர் உயரத்தில் யந்திரம் நின்றால், மிஞ்சுவது சுமார் 5 கிலோமீட்டர். அதற்குள் போடிநாயக்கனூர்ச் சமவெளியை எட்ட இயலாது. மறுபுறமோ டாப் ஸ்டேஷனை நோக்கி நிலம் உயர்ந்துகொண்டே போகிறது. இடையில் தோப்பும் பாறையும் ஆற்றுப்பள்ளமுமே. காண்போர்க்கு இனிய அச்சரிவுகள் விமானிக்கு இனியன அல்ல.

இக்கணக்கு நம் நாட்டில் பல உயிர்களைக் கொண்டது. ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் சமைத்த எச்.பி.டி. 32 என்னும் 'தீபக்' விமானம் 1977-இல் முதன்முதற் பறந்தது. ஆசிரியரும் மாணாக்கரும் அருகருகே அமர்வர், யந்திரம் ஒன்றே, விமானியை வெளியே எறிந்து காக்கும் ஆசனம் இல்லை. நடுவானில் யந்திரம் நிற்பது இதன் தீராப்பிணியாயிற்று. 2009 ஜூலை 31-இல் மேடக் மாவட்டத்தில் ஒன்று வீழ்ந்து விமானிகள் இருவர் மாண்டனர். அதனோடு 17 விபத்துகளில் இறந்தோர் 19 பேர். அதன்பின்னரே இவ்வகை விமானங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. பிந்திய முடிவு என்றே நாம் கருதுகிறோம்; யந்திரத்தைத் திருத்தித் திருத்திப் பார்த்த காலத்தில் ஆசனத்தைப் பற்றியும் எண்ணியிருக்கலாம்.

2013-இல் சுவிட்சர்லாந்திலிருந்து பிலாட்டஸ் விமானங்கள் வந்தன. இவற்றில் அவ்வாசனம் உண்டு. விமானப் பயிற்சியாசிரியர் பள்ளி 1954 முதல் இயங்கிவரும் தாம்பரத்திற்கு அண்மையில், திருப்போரூர்ப் பக்கம், 2025 நவம்பர் 14-இல் இவ்வகை விமானமொன்று பயிற்சியின்போது வீழ்ந்தது. காரணம் எதுவாயினும், விமானம் அழிந்தது. விமானி உயிருடன் தரையிறங்கினார்.