கூரையில் எத்தனை கிலோவாட்?

மாடி காலியாகத்தானே கிடக்கிறது, முழுவதும் சூரியத் தகடுகளைப் பரப்பிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இடம் இருப்பது வேறு, இலாபம் இருப்பது வேறு. கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலில் உற்பத்தி. சதுர மீட்டருக்கு 1000 வாட் வீதம் வெயில் விழுந்து, தகட்டின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது ஒரு கிலோவாட் திறன் தருவதே ஒரு கிலோவாட் தகடு. தமிழ்நாட்டில் ஒரு நாளில் விழும் வெயிலை எல்லாம் சேர்த்தால், அத்தகைய முழு வெயில் ஏறத்தாழ 5 மணி நேரம் அடித்ததற்குச் சமம். ஆகவே 5 யூனிட் கிடைக்க வேண்டும் அல்லவா? கிடைப்பது சுமார் 4 தான். தூசியும் இன்வெர்ட்டரும் கொஞ்சம் விழுங்கிவிடுகின்றன. சூடும் ஒரு காரணம். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் சிலிக்கான் மின்கலத்தின் திறன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும். மே மாதத்தில் தகடு 60 டிகிரியைத் தொட்டால் 14 விழுக்காடு போயிற்று! தகட்டுக்கு வேண்டியது ஒளிதான், சூடு அன்று.

ஆக, ஒரு கிலோவாட்டிலிருந்து இரு மாதங்களுக்கு 240 யூனிட்.

இனிப் பணம். இரு மாதங்களுக்கு 600 யூனிட் செலவிடும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். பிறகு 400 வரை யூனிட்டுக்கு ரூ. 4.50, 500 வரை ரூ. 6, 600 வரை ரூ. 8. மொத்தம் ரூ. 2,750. பயன்பாடு 500-க்குள் அடங்கினால் 101 முதல் 200 வரை ரூ. 2.25 தான். (பின்னர் கட்டணம் உயர்ந்துவிட்டது; கணக்கிடும் முறை அதுவே.)

ஒரு கிலோவாட் வைத்தால் வாரியத்திடம் வாங்குவது நிகரமாக 360 யூனிட், கட்டணம் ரூ. 945. மிச்சம் ரூ. 1,805, ஆண்டுக்கு ரூ. 10,830. அமைக்கும் செலவு கிலோவாட்டுக்கு ரூ. 60,000 என்று வைத்துக்கொள்வோம். 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் மானியம், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ. 30,000. எனவே நம் கையிலிருந்து ரூ. 30,000. மூன்றாண்டுக்குள் திரும்பிவிடும்.

இரண்டாவது கிலோவாட்? கட்டணம் ரூ. 45-க்கு இறங்கும். கூடுதல் மிச்சம் ஆண்டுக்கு ரூ. 5,400 தான், ஐந்தரை ஆண்டு ஆகும். முதல் தகடு விலை மிகுந்த யூனிட்டுகளை வெட்டியது. இதற்கு மலிவானவையே எஞ்சின.

மூன்றாவதுதான் வேடிக்கை. அதற்கு மானியம் ரூ. 18,000, நம் செலவு ரூ. 42,000. மிச்சமோ ஆண்டுக்கு ரூ. 270! முதல் திரும்ப 155 ஆண்டு. தகட்டுக்கு உத்தரவாதமே பெரும்பாலும் 25 ஆண்டுதான். வாரியம் இலவசமாகத் தரும் 100 யூனிட்டையும் நாம் காசு கொடுத்து உண்டாக்குகிறோம். உபரிக்கு வாரியம் பணம் தந்தால்தான் இந்த ஆண்டுக்கணக்குக் குறையும். வாரியம் தனியே விதிக்கும் வேறு கட்டணங்களை நாம் சேர்க்கவில்லை.

பயிற்சி: இரு மாதங்களுக்கு 300 யூனிட் செலவிடும் வீட்டில் ஒரு கிலோவாட் தகடு வைத்தால், மேற்கண்ட விலையிலேயே முதல் திரும்ப எவ்வளவு காலம் ஆகும்? (விடை: சுமார் 7 ஆண்டு 5 மாதம்.)